சாது செட்டு

ஜான்சன் தன் இடது கன்னத்தை மறுபடியும் அறுத்துக்கொண்டான். முதல் வெட்டு காதுக்குக் கீழே. இது தாடையின் வளைவில். வெள்ளை நுரைக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு கோடு கிளம்பி, கழுத்தில் நிதானமாக இறங்கி, சட்டைக் காலரில் போய் உட்கார்ந்தது. சாவு வீட்டுக்கென்று அவசரமாக இஸ்திரி போட்ட ஒரே வெள்ளைச் சட்டை.

குளியலறைக் கண்ணாடியில் பார்த்தான். வலது பக்கம், கல்யாணமான புதிதிலிருந்து எண்ணெய் தடவிச் சீவி வளர்த்த தாடி. இடது பக்கம், அந்தத் தாடிக்கு நேர்ந்த விபத்து.

அவன் தனக்காகச் சவரம் செய்துகொள்ளவில்லை. முன்னறையில் ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருந்த மாமனார் ஜோசுவாவுக்குச் சவரம் செய்தாக வேண்டும். இது அதற்கான ஒத்திகை. வாழ்க்கையில் இதுவரை அவன் பிளேடு மாட்டிய ஷேவிங் செட்டைக் கையால் தொட்டதில்லை. சலூன், அல்லது சார்ஜ் போடுகிற டிரிம்மர். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் ஒரு பெரிய மனிதரின் கழுத்தில் கத்தி வைக்கக் கிளம்பியிருந்தான்.

எல்லாம் வாயால் வந்தது. ஜான்சனுக்கு எது வந்தாலும் வாயால்தான் வரும். பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். கல்யாணப் புடவையைத் தன் தோளிலேயே போட்டு, கொசுவம் பிடித்து, தாடியோடு மணப்பெண் மாதிரி நின்று காட்டுகிற உத்தியோகம். 'உங்க கலருக்கு இது தூக்கலா இருக்கும் மேடம்' என்று அறையிலிருக்கும் எல்லாக் கலருக்கும் சொல்கிற வாய். அது இன்று காலையும் மூளையைக் கேட்காமல் திறந்துகொண்டது.

நடந்தது இதுதான். ஜோசுவாவை விடியற்காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். அங்கே இருந்தவரை முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், சவரத்துக்கு வழியில்லை. கன்னம், தாடை, கழுத்து எல்லாம் வெள்ளை முள்ளாக முளைத்திருந்தது. பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு மீசை வைத்திருப்பார். அது அந்தப் புதருக்குள் எங்கோ தொலைந்துபோயிருந்தது. தெருவில் தறிகளை நிறுத்திவிட்டு ஒவ்வொரு வீட்டுக்காரரும் வந்து பார்த்தார்கள். எதிர்வீட்டு ரேணுகாம்பாள் அம்மாள், தினமும் காலையில் கோலம் போடும்போது அவர் முகத்தில் விழித்தவர், கண்ணாடி மூடிக்கு மேல் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, "யாரும்மா இது?" என்று கேட்டுவிட்டார். கண்ணில் புரை, வேண்டுமென்று கேட்கவில்லை.

மாமியார் அன்னம்மாள் அப்போது தலைமாட்டில்தான் நின்றிருந்தார்.

"எனக்கும் அதாம்மா தெரியல" என்றார். "யாரையோ கொண்டாந்து போட்டுட்டு உன் வூட்டுக்காரருன்னு சொல்றாங்க."

சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனவர்தான். வெளியே வரவில்லை. அழவும் இல்லை. கூப்பிடப் போன பெண்களிடமெல்லாம், அந்த மூஞ்சி அவர் மூஞ்சி இல்லை, அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து என்னத்தைச் சொல்லி அழுவது என்று திருப்பிக் கேட்டார். பெண்கள் வெளியே வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மதியத்துக்கு மேல் பாஸ்டர் வந்து ஜெபம் முடித்தால் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்குள் இந்த அம்மாள் வந்து உட்காரவில்லை என்றால் அப்புறம் உட்கார முகம் இருக்காது. அது எல்லோருக்கும் தெரிந்தது. யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை.

சலூன் கடைக்காரரைக் கூப்பிடலாம் என்றார் ஒரு பங்காளி. ஆயுசில் ஒருத்தன் கத்திக்கும் கழுத்தை நீட்டாத மனிதர், இப்போது கேட்பாரற்றுக் கிடக்கிறார் என்பதற்காக நீட்டச் சொல்வதா என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது. சவப்பெட்டி கொண்டுவந்தவர் நல்ல மனதோடு தன் பையிலிருந்து மஞ்சள் கலரில் ஒரு பிளாஸ்டிக் ரேசரை எடுத்து நீட்டினார். அதைப் பார்த்திருந்தால் ஜோசுவா எழுந்து போயிருப்பார். அந்த இடத்தில்தான் ஜான்சனின் வாய் திறந்தது.

"நான் பண்ணி வுடறேன் அத்த. மாமாவோட செட்டுலயே பண்றேன்."

அடுக்களையிலிருந்து மறுப்பு வரவில்லை. சவப்பெட்டிக்காரர் மட்டும் அவன் காதருகே வந்து, "பாத்துப்பா. உயிரோட இருக்கிறவனுக்கு வெட்னா ஆறிடும். இவருக்கு ஆறாது. கறுத்துக்கினு அப்டியே நிக்கும்" என்றார்.

ஆகவே ஒத்திகை.

ஜோசுவா டவுன் பஸ் டிரைவர். தாமல், திருப்புட்குழி, இந்தப் பக்கம் தென்னேரி என்று ரிடையர் ஆகும்வரை ஓட்டினார். டிரைவர் தினமும் ஏன் சவரம் செய்ய வேண்டும் என்பதற்கு அவரிடம் காரணம் இருந்தது. நாள் முழுக்கத் தலைக்கு மேல் ஒரு கண்ணாடி. அதில் பின்னால் உள்ள கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஓரத்தில் தன் மூஞ்சியும் தெரியும். பார்க்கச் சகிக்காத மூஞ்சியாக இருந்தால் வண்டி எப்படி நேராகப் போகும் என்பார். ரிடையர் ஆனபிறகும் கண்ணாடிப் பழக்கம் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்புவதற்கு முன் பின்கட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஜன்னல் கம்பியில் கண்ணாடி மாட்டி, பிரஷ்ஷைச் சுழற்றிக்கொண்டிருப்பார். மாமனார் வீட்டுக்கு வந்த ஜான்சன் பின்னால் போய் நிற்பான். அவர் திரும்ப மாட்டார். கண்ணாடி வழியாகவே பேசுவார்.

"வாங்க மாப்ள. படிக்கட்ல நிக்காதீங்க, உள்ள வாங்க."

மாமனாரும் மருமகனும் பேசிக்கொண்ட அத்தனை பேச்சும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான். சோப்பு வாசனை, வெந்நீர் ஆவி, நுரைக்கு நடுவில் ஒரு கிண்டல் வாய். 'கடையில இன்னிக்கு எத்தினி பொண்ணுக்கு நீங்க கல்யாணப் பொடவ கட்டிக்கினீங்க?' என்பார். டிரிம்மரைப் பார்த்தால் புல் வெட்டுகிற மிஷின் என்பார். பதில் சொல்ல ஜான்சன் வாயெடுப்பதற்குள் உதட்டை மடித்துக்கொண்டு மூக்கடியில் செட்டை வைத்துவிடுவார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. எல்லாச் சண்டையிலும் கடைசி வார்த்தை அவருடையதாக இருந்ததற்கு மூக்கடிதான் காரணம்.

அவரிடம் செட்டு இரண்டு இருந்தது. ஒன்று விளிம்பில் சீப்பு மாதிரி பல் வைத்தது, பளபளவென்று, கைப்பிடியெல்லாம் செதுக்கல்; அதற்கு முரடு என்று பேர். இன்னொன்று பித்தளையில் நிக்கல் முலாம் போன பழசு, கனமானது, மொழுக்கென்று விளிம்பு, அது சாது. பிளேடும் இரண்டு தினுசு வாங்குவார். சிவப்புத் தாளில் சுற்றியது தொட்டால் வெட்டும். பச்சைத் தாள் சாந்தமானது. எந்தப் பிளேடை எந்தச் செட்டில் போடுவது என்பதற்கு அவர் வைத்திருந்த பேர் பொருத்தம். ஜாதகம் பார்க்காத கிறிஸ்தவக் குடும்பம் அது. பெண்ணின் கல்யாணத்துக்குக்கூட நாள் நட்சத்திரம் கேட்காதவர், பிளேடுக்குப் பொருத்தம் பார்க்காமல் முகத்தில் தண்ணீர் தொடமாட்டார்.

ஜான்சனுக்கு இந்தச் செட்டுகளோடு ஒரு பழைய மனத்தாங்கல் இருந்தது. சுகாசினியைப் பெண் பார்க்க வந்த அன்று, கை கழுவப் போன இடத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் ஜோசுவா தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "பையன் சாது செட்டுமா." மேற்கொண்டு கேட்பதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு அப்புறம் சுகாசினியிடம் கேட்டான். சாது என்பது வெட்டே விழாத செட்டு என்று அவள் விளக்கினாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. வெட்டவும் தெரியாது, குத்தவும் தெரியாது, மொண்ணை. மறுநாளிலிருந்து தாடி வளர்க்க ஆரம்பித்தான். தாடி வளர்ந்தது, முரட்டுத்தனம் மட்டும் கடைசிவரை வந்து சேரவில்லை. தாடியோடு மணப்பெண்ணாக நின்றான், அவ்வளவுதான்.

அதனால்தானோ என்னவோ இன்று மாமனாரின் ஷேவிங் டப்பாவைத் திறந்ததும் கை சாதுவைத் தொடவேயில்லை. பளபளவென்றிருந்த முரட்டை எடுத்தான். அதில் சிவப்புத் தாள் பிளேடைப் பிரித்துப் போட்டான். பட்டுக்கடைப் புத்தி அது. கனத்த பார்டருக்குக் கனத்த முந்தி. இருப்பதில் உசத்தியோடு உசத்தியைச் சேர்த்து எடுத்துப் போட்டால் பார்ட்டி வாயைத் திறக்காது. இங்கே கன்னம்தான் வாயைத் திறந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"ஏங்க, உள்ள இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? பாஸ்டர் கெளம்பிட்டாராம்."

திறந்தான். சுகாசினி அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். காலையிலிருந்து அழுத கண், இமையெல்லாம் வீங்கியிருந்தது. பாதித் தாடியையும் நுரையையும் காலர் ரத்தத்தையும் பார்த்தவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அதை அடக்கப் போய் மறுபடியும் அழுகை வந்துவிட்டது. இரண்டுக்கும் சேர்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பாவுக்குப் பண்ணச் சொன்னா, நீங்க பண்ணிக்கினு நிக்கறீங்க."

"டெஸ்ட்டு பண்ணிப் பாத்தேன்."

"யாரு பாஸு?"

சுகாசினி அடுக்களைப் பக்கம் திரும்பி, "அம்மா, இவர வந்து பாரேன்" என்றாள்.

அன்னம்மாள் வந்தார். முன்னறைப் பக்கம் தலையைத் திருப்பாமல், சுவரோரமாக நடந்து வந்தார். மருமகனின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். கையிலிருந்த செட்டை வாங்கித் திருகிப் பிரித்து, பிளேடை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"இத்தயா இதுல போட்டீங்க?"

"புதுசுதான் அத்த. நல்ல கூரு."

"கூருதான். ரெண்டும் கோவக்காரங்க மாப்ள. ஒரே வூட்ல வுட்டா அடிச்சிக்காம இன்னா பண்ணும்?" அவர் டப்பாவிலிருந்து சாதுவை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்தார். "முரட்டுக்குப் பச்ச. சாதுக்கு செவப்பு. செவப்பு கொஞ்சம் துள்ளும். சாது அத்த அமுக்கிப் புடிச்சிக்கும், வெட்ட வுடாது. பச்சய போய் சாதுல போட்டா ரெண்டும் தூங்கும், மசுர புடுங்கும். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சி. பொம்பளைக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்?"

பேசிக்கொண்டே சிவப்புப் பிளேடைச் சாதுவில் வைத்து மூடித் திருகினார். இறுகும்வரை திருகி, பிறகு விரலால் விளிம்பைத் தடவி இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்தார்.

"தன் மூஞ்சிக்கு அவரு இதத்தான் எடுப்பாரு. முரடு சும்மா அழகுக்கு. பஸ் ஸ்டாண்டுல எவனோ வித்தான்னு வாங்கிக்கினு வந்துட்டாரு, ரெண்டு நாளு போட்டுட்டு வச்சிட்டாரு." சுகாசினியை ஒரு பார்வை பார்த்தார். "உன்ன பொண்ணு பாத்துட்டுப் போன அன்னிக்கு நான்தான் வேணான்னேன். இவ்ளோ பேசற பொண்ணுக்கு இவ்ளோ அமுந்த பையன் எப்டிங்க சரிப்படுவான்னு கேட்டேன். 'உம் பொண்ணு செவப்புத் தாளு. பையன் சாது செட்டுமா. அந்த ஒரு பொருத்தம் போதும், கண்ண மூடிக்கினு குடுக்கலாம்'னாரு."

"அப்ப நான் பிளேடா?" என்றாள் சுகாசினி.

"இல்லியா பின்ன?"

ஜான்சன் திரும்பிக்கொண்டான். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். வேண்டிய அளவுக்கு மேலேயே கழுவினான். காயத்தில் தண்ணீர் பட்டு எரிந்ததால் கண் சிவந்திருக்கும் என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம். நிமிர்ந்தபோது மாமியார் சாதுவை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, வந்த மாதிரியே சுவரோரமாக அடுக்களைக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

முன்னறையில் இருந்தவர்களை வாசலுக்கு அனுப்பிவிட்டு, ஃப்ரீசரின் சுவிட்சை அணைத்தார்கள். கண்ணாடி மூடியை இரண்டு பேர் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு அவர்களும் போனார்கள். சுகாசினி வெந்நீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஜான்சன் பக்கவாட்டில் முட்டி போட்டான்.

முள்ளு நீளமாக இருந்ததால் முதலில் டிரிம்மரைத்தான் போட வேண்டியிருந்தது. பட்டனை அமுக்கியதும் அந்த அமைதியில் அது ஆட்டோ மாதிரி கத்தியது.

"சாரி மாமா" என்றான். "புல்லு மிஷினுதான். ஒரு நிமிஷம்."

வெள்ளை மயிர் துண்டில் உதிர்ந்தது. பிறகு டிரிம்மரை அணைத்துவிட்டு, துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்து கன்னத்தில் வைத்தான். ஒத்தி எடுத்தான். மறுபடியும் வைத்தான். எத்தனை தரம் வைத்தாலும் துணிதான் சில்லிட்டது, கன்னம் சூடாகவில்லை. பிரஷ்ஷில் சோப்பைக் குழைத்து அவர் செய்வதுபோலவே கீழிருந்து மேலாகச் சுழற்றினான். நுரை ஏறியது. நுரைக்கு மேலே நெற்றியும் மூடிய கண்ணும் மட்டும் தெரிந்தபோதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் அவர் முகத்தை அவன் இவ்வளவு கிட்டத்தில் நேராகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கண்ணாடியில் வலது புருவத்தில் இருந்த தழும்பு, நிஜத்தில் இடது புருவத்தில் இருந்தது.

சாது கனமாக இருந்தது. கை அமுக்க வேண்டியதில்லை, அதன் கனமே இழுத்துக்கொண்டு இறங்கியது. காதோரத்தில் வைத்து இறக்கினான். அரிசியை விரலால் அளைகிற மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம். நுரை விலகிய இடத்தில் சுத்தமாக ஒரு பட்டை. வெட்டில்லை. அடுத்த பட்டை. தாடைக்குக் கீழே தோல் தொளதொளவென்று மடிந்திருந்தது. பிளேடு மடிப்பில் ஏறினால் முடிந்தது கதை. இடது கை விரல்களால் மடிப்பை நீவி, ஓரமாக இழுத்துப் பிடித்தான். பட்டின் கொசுவத்தை நகம் படாமல் நீவுகிற விரல்கள் அவை. கடையில் யாரும் அதற்காக அவனைப் பாராட்டியதில்லை.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க மாமா" என்றான்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். கடையில் ஆள் திரும்பக் காத்திருப்பது போல. சுகாசினிதான் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அப்பாவின் தலையைத் தாங்கித் திருப்பினாள். திருப்பிய கையை அவள் எடுக்கவில்லை.

வலது கன்னம் முடிந்தது. கழுத்து முடிந்தது. தொண்டைக் குமிழைச் சுற்றிப் போகும்போது அவன் மூச்சை நிறுத்திவைத்தான். கடைசியாக மூக்கடி. மீசைக்கு மேலே நூலளவு இடம் விட்டு ஒரு கோடு, கீழே உதட்டை ஒட்டி ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் தொலைந்துபோயிருந்த பென்சில் மீசை மெதுவாக வெளியே வந்தது. அந்த நேரத்தில் அவர் பேசவிட மாட்டார் என்பதால் ஜான்சனும் பேசவில்லை.

துணியால் துடைத்தான். சுகாசினி குனிந்து பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. ஜோசுவா, சர்ச்சுக்குக் கிளம்பியவர் கொஞ்சம் கண்ணயர்ந்த மாதிரி இருந்தார்.

ஜான்சன் சாதுவைச் சொம்பில் அலசினான். பிளேடுக்கடியில் மாட்டியிருந்த நுரையும் மயிரும் போகவில்லை. சொம்பின் விளிம்பில் தட்டினான். டொக், டொக்.

அடுக்களையில் லைட்டர் சொடுக்கும் சத்தம் கேட்டது. ஒரு தடவை பற்றவில்லை, மறுபடியும் சொடுக்கினார்கள். பாத்திரம் ஒன்று அடுப்பில் ஏறியது.

வாசலில் பேச்சு நின்றது. உடல் வெளியே போகும்வரை சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. காலையிலிருந்து இந்த வீட்டுக்கு வேண்டியது எதிர்வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ரேணுகாம்பாள் அம்மாள் பதறிக்கொண்டு எழுந்து அடுக்களைப் பக்கம் நடந்தார். சுகாசினி எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுங்கம்மா" என்றாள் தாழ்ந்த குரலில். "அப்பா ஷேவ் பண்ணிட்டு செட்ட தட்டுவாரு. அந்த சத்தம் கேட்டாத்தான் அம்மா காபி வைப்பாங்க. தெரியாம வச்சிட்டாங்க."

பால் பொங்குகிற வாசனை வந்தது. ரேணுகாம்பாள் அம்மாள் நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்னம்மாள் டம்ளரோடு வந்தார். விறுவிறுவென்று வந்தவர், முன்னறை வாசற்படியில் அந்த முகத்தைப் பார்த்ததும் நின்றார். ஆவி அவர் முகத்துக்கும் அந்த முகத்துக்கும் நடுவில் கொஞ்ச நேரம் போய்க்கொண்டிருந்தது. பிறகு வந்து தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தார். புறங்கையால் ஜோசுவாவின் தாடையைக் கீழிருந்து மேலாக ஒரு முறை தடவிப் பார்த்தார். எங்கும் தட்டவில்லை.

கையில் டம்ளர் இருப்பது அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். பிறகு ஜான்சன் பக்கம் நீட்டினார்.

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். ஒரு வாய் குடித்தான். சுகர்காரரான மாமாவுக்குப் போட்ட காபி, சர்க்கரை இல்லை. ஜான்சன் முகம் சுளிக்காமல், ஒரு சொட்டு மீதி வைக்காமல், சூடு ஆறுவதற்கு முன் அதைக் குடித்து முடித்தான்.